சுவரை மறைக்கும் முன் கூரையில் ஏறிப் பாருங்கள்

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்கு அருட்பணிப் பேரவை உறுப்பினர்களுக்கும், மறைமாவட்டக் கட்டடக் குழுவினருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, வாசல் பலகையில் நம் கோவிலின் புதிய வரைபடம் ஒட்டியிருந்தது. முன்பக்கம் இரட்டைக் கோபுரம். கூர்வளைவு வைத்த சன்னல்கள். கான்கிரீட் சுவர் முழுவதையும் பூசி, கல் அடுக்கியது போலக் கோடு இழுத்து, வெளிர்மஞ்சள் பெயின்ட். உள்ளே ஃபால்ஸ் சீலிங். பலிபீடத்துக்கு மேலே இருக்கும் கூரைச் சாளரம் அதோடு மூடப்படும். அரைவட்டமாக இருக்கும் பெஞ்சுகள் நேர் வரிசையாகும். பலிபீடம் பின்சுவரோடு சேர்ந்து, பெரிய மாடங்களோடு மேலே எழும்பும். வரைபடத்தின் அடியில் ஒரு வரி: “இனி நம் ஆலயம் ஆலயம் போலத் தோன்றும்.”

அந்த வரியைப் படித்தபின் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. திரும்ப உள்ளே போய், ஆள் இல்லாத கோவிலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திருச்சபைச் சட்டத்தின் 212-ஆவது பிரிவு, திருச்சபையின் நன்மை குறித்த தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும்கூட என்கிறது. இந்த மடலை அந்தக் கடமையாக நினைத்தே எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இந்த முடிவு எல்லோரையும் கேட்காமல் எடுக்கப்பட்டது.

இந்தக் கோவிலைக் கட்டும்போது சென்ட்ரிங் அடித்த தச்சர்களில் என் அப்பாவும் ஒருவர். கான்கிரீட் தானாக ஒரு வடிவத்துக்கு வருவதில்லை. அது எந்த வடிவத்தில் நிற்க வேண்டுமோ, அந்த வடிவத்தை முதலில் மரத்தில் செய்தாக வேண்டும். சுவரைப் பூசப்போவதில்லை, பலகையைப் பிரித்ததும் எது தெரிகிறதோ அதுதான் சுவர் என்று கட்டடக் கலைஞர் சொல்லிவிட்டாராம். அதனால் ஒவ்வொரு பலகையையும் பார்த்துப் பொறுக்கி, விளிம்பை இழைத்து, இடைவெளி விழாமல் சேர்த்திருக்கிறார்கள். இடைவெளி விழுந்தால் சிமென்ட் பால் வெளியே ஒழுகிவிடும். அந்த இடத்தில் சுவர் சொரசொரப்பாகக் கல் தெரிய நிற்கும். வளைந்த சுவருக்கு நேர்ப்பலகையை அடிப்பது எவ்வளவு சிரமம் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இடதுபக்கச் சுவரில், சிலுவைப்பாதையின் ஆறாம் நிலைக்குக் கீழே, ஒரு மரக்கணுவின் அச்சு தெரியும். “அது நான் வைத்த பலகை” என்பார். சிறுமியாக இருந்தபோது அந்தக் கணுவில் விரலை வைத்துக்கொண்டுதான் பூசை பார்ப்பேன். உங்கள் வரைபடப்படி அதன் மேல் பூச்சு வரப்போகிறது.

சரி, இது என் வீட்டுக் கதை. ஒரு தச்சரின் மகளுக்கு மனம் வலிக்கிறது என்பதற்காகக் கோவிலை மாற்றாமல் இருக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். ஆகவே அந்தச் சுவர் ஏன் அப்படி வளைந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது கட்டியவரின் விருப்பத்துக்காக மட்டும் வளைந்ததல்ல.

இதற்கு முன் இங்கே இருந்தது நீளமான, ஒடுங்கிய கோவில் என்று என் பாட்டி சொல்வார். பலிபீடம் தூரத்தில், சுவரோடு ஒட்டி இருக்கும். குருவானவர் முதுகு காட்டி நின்று லத்தீனில் செபிப்பார். பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் தூண்தான் தெரியும். பாட்டி அங்கே உட்கார்ந்து செபமாலை சொல்வார். மணி அடித்தால் எழுந்தேற்றம் என்று தலைகுனிவார். அவருடைய பக்தியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முன்னால் நடந்துகொண்டிருந்த வழிபாட்டில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை.

1963 டிசம்பர் 4 அன்று, உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் கொள்கைத்திரட்டை வெளியிட்டது. ஆதரவாக 2,147 வாக்குகள். எதிராக நான்கே நான்கு. அதன் 14-ஆவது எண், இறைமக்கள் எல்லோரும் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்வோடும் ஈடுபாட்டோடும் பங்கேற்க வேண்டும் என்று கேட்டது. திருமுழுக்குப் பெற்றதாலேயே அது அவர்களுக்கு உரிமையும் கடமையும் ஆகிறது என்றது. 124-ஆவது எண், கோவில்களைக் கட்டும்போது இந்தப் பங்கேற்புக்கு அவை ஏற்றவையாக இருக்கின்றனவா என்று கவனமாகப் பார்க்கச் சொன்னது. அதே எண்தான், வெறும் ஆடம்பரத்தைவிட உயரிய அழகைத் தேடும்படி ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று உரோமையிலிருந்து வந்த நடைமுறை அறிவுரை இன்னும் வெளிப்படையாகப் பேசியது: தலைமைப் பலிபீடம் சுவரை விட்டு விலகி நிற்கட்டும், அதைச் சுற்றி எளிதாக நடந்துவர முடியட்டும், மக்களை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்ற முடியட்டும்.

நம் கோவில் அந்தச் சில ஆண்டுகளுக்குள் எழுந்தது. அதன் தரைப்படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். விசிறியை விரித்தது போல ஒரு கூடம். விசிறியின் பிடி இருக்கும் இடத்தில் பலிபீடம். நடுவில் தூண் கிடையாது. கடைசிப் பெஞ்சும் பதினான்காவது வரிசைதான். எங்கே உட்கார்ந்தாலும் பலிபீடம் தெரியும். அதோடு, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகமும் தெரியும். இருபது ஆண்டுகளாக அந்த வாசகமேடையில் நின்று வாசிக்கிறேன். தலையை நிமிர்த்தினால் என்னைப் பார்க்கும் முகங்கள் ஒரு வளைவாக இருக்கும். யாருக்குப் புரிகிறது, யார் கண்ணைத் துடைக்கிறார்கள், எந்தக் குழந்தை தூங்கிவிட்டது, எல்லாம் தெரியும். சமாதானம் பகிரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமல்லாமல் கூடத்தின் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கை கூப்ப முடிகிறது. சங்கம் தாளில் எழுதிக் கொடுத்ததை நம் முன்னோர் கான்கிரீட்டில் எழுதினார்கள். அந்தப் பெஞ்சுகளை நேராக்கினால் நாம் மறுபடி ஒருவர் முதுகை ஒருவர் பார்ப்போம்.

“ஆலயம் போலத் தோன்றும்” என்ற அந்த வரிக்கு வருகிறேன். எது ஆலயம் போல? சிரியாவில் யூப்ரட்டீசு ஆற்றங்கரையில் துரா-யூரோப்போஸ் என்ற இடத்தில் அகழ்ந்து எடுத்த வழிபாட்டு இடம், மூன்றாம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது. அது ஒரு சாதாரண வீடு. ஓர் அறையில் திருமுழுக்குத் தொட்டி. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துக் கூடமாக்கியிருக்கிறார்கள். பிறகு கான்ஸ்டன்டைன் காலத்தில் பெரிய கோவில்கள் கட்டும் வாய்ப்பு வந்தபோதும் நம் முன்னோர் உரோமைத் தெய்வங்களின் கோவில்களைப் பார்த்து வரையவில்லை. வழக்கு விசாரிக்கவும் வணிகம் பேசவும் மக்கள் கூடிய பொது மண்டபத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். பசிலிக்கா என்ற சொல்லே அந்த மண்டபத்தின் பெயர்தான். மக்கள் உள்ளே கூடுவதற்கு இடம் வேண்டும் என்பதே அவர்களின் முதல் கவலையாக இருந்திருக்கிறது.

நீங்கள் வரைந்திருக்கும், கூர்வளைவு வைத்த கோதிக் வடிவமும் ஒரு காலத்தில் கண்ணுக்குப் பழகாத புதுமைதான். பாரிசுக்கு அருகே செயின்ட்-டெனி மடத்துக் கோவிலின் பலிபீடப் பகுதியை மடாதிபதி சூஜே புதுப்பித்து 1144-இல் அர்ச்சித்தபோது, சுவர் குறைந்து கண்ணாடியாக நின்ற அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்கு அது பழைய கோவில் மாதிரி இருந்திருக்காது. அன்றைய கல்தச்சர்கள் தங்களிடம் இருந்த புதிய வித்தையைக் கடவுளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கூர்வளைவு பாரத்தைத் தாங்கியது. கல் தன் வேலையைச் செய்தது. நீங்கள் ஒட்டப்போகும் கூர்வளைவு எதைத் தாங்கும்? கான்கிரீட் சுவரின் மேல் அது ஒரு பூச்சு வேலை. சங்கம் தன் கொள்கைத்திரட்டின் 123-ஆவது எண்ணில், திருச்சபை எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியது என்று ஏற்றுக்கொண்டதில்லை, ஒவ்வொரு காலத்தின் பாணிக்கும் இடம் கொடுத்து வந்திருக்கிறது என்கிறது. நம் காலத்துக் கலைக்கும் அந்த உரிமையை அது பெயர் சொல்லியே கொடுத்திருக்கிறது.

கான்கிரீட்டில் கோவில் கட்டுவது யாரோ ஒருவர் செய்து பார்த்த பரிசோதனை என்று பேரவைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படிச் சொன்னவருக்குச் சில கோவில்களைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பாரிசுப் புறநகரான லெ ரேன்சியில் ஓகுஸ்த் பெரே 1922-23-இல் கட்டிய மரியன்னை பங்குக்கோவில் முழுக்கக் கான்கிரீட். மெலிந்த தூண்கள் கூரையைத் தாங்கிவிடுவதால் சுவர் முழுவதையும் வண்ணக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, கையில் பணம் இல்லாத ஒரு பங்கு அதைக் கட்டியது. ஜெர்மனியின் ஆகனில் ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ் 1930-இல் கட்டிய கிறிஸ்துவின் திருவுடல் கோவிலில் வெள்ளைச் சுவரும் கறுப்புக் கல் பீடமும் தவிரக் கண்ணை இழுக்க ஒன்றும் இல்லை. இது வெறுமையாக இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, அது வெறுமை இல்லை, மௌனம். அந்த மௌனத்தில் கடவுள் இருக்கிறார் என்ற பொருளில் இறையியலாளர் ரொமானோ குவார்தினி பதில் எழுதினார். இவை இரண்டும் சங்கம் கூடுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே எழுந்தவை. சங்கத்துக்குப் பிறகு ஏதோ ஓர் ஆர்வக்கோளாறில் வந்த கோவில்கள் இவை என்று சொல்வது வரலாறு தெரியாமல் பேசுவது.

எனக்கு நெருக்கமான கோவில் வேறொன்று. உருகுவேயில் அட்லாந்திதா என்ற ஊரின் உழைப்பாளர் பகுதியில் எலாதியோ தியெஸ்தே என்ற பொறியாளர் கட்டிய உழைப்பாளர் கிறிஸ்து கோவில். 1958-இல் தொடங்கி 1960-இல் முடிந்தது. அது செங்கல். விலை உயர்ந்த எதுவும் இல்லை. ஆனால் சுவர் கீழே நேர்கோட்டில் தொடங்கி, மேலே போகப் போக அலை போல உள்ளேயும் வெளியேயும் வளைகிறது. அந்த வளைவால்தான் மெல்லிய சுவர் தூண் இல்லாமல் நிற்கிறது. கூரையும் அதே அலையாக வந்து அதன் மேல் உட்காருகிறது. ஏழைகளுக்கு எளிய பொருள் போதும், ஆனால் அறிவையும் உழைப்பையும் முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2021-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே யாராவது கோபுரம் ஒட்டிச் சரிசெய்யலாம் என்று நினைத்திருந்தால் இன்று என்ன மிஞ்சியிருக்கும்?

லிவர்பூலில் 1967-இல் அர்ச்சிக்கப்பட்ட வட்டப் பேராலயத்தையும், தோக்கியோவில் கென்சோ தாங்கே 1964-இல் முடித்த மரியன்னை பேராலயத்தையும், பிரசிலியாவில் 1970-இல் அர்ச்சிக்கப்பட்ட, பதினாறு வளைந்த தூண்கள் கொண்ட பேராலயத்தையும் பெயர் மட்டும் சொல்லி விடுகிறேன். நம் கோவில் அவற்றுக்கு இணை என்று நான் சொல்லவில்லை. அதே குடும்பத்தில் பிறந்த சிறிய பிள்ளை என்றுதான் சொல்கிறேன்.

இப்போது, கோவில் பழுதாகிவிட்டது என்ற உங்கள் முக்கியமான காரணம். இதை நான் மறுக்கவில்லை. மழை பெய்தால் எந்தெந்த இடத்தில் வாளி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பல ஆண்டுகளாக வைப்பவளே நான்தான். பாடகர் குழு உட்காரும் இடத்துக்கு மேலே இரண்டு இடம், வலதுபக்க வாசலுக்கு மேலே ஓர் இடம், கூரைச் சாளரத்தின் ஓரத்தில் ஓர் இடம். இந்த நான்கும் மாறுவதில்லை. கூரை முழுவதும் வலுவிழந்திருந்தால் ஒழுக்கு இடம் மாறிக்கொண்டே இருக்குமே என்று தோன்றி, போன மழைக்குப் பிறகு துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு நானே ஏணியில் ஏறிப் பார்த்தேன். வளைந்த கூரையின் தண்ணீர் எல்லாம் ஓடி வந்து சேரும் இடங்களில் வடிகுழாய் வாய்கள் இருக்கின்றன. பாடகர் இடத்துக்கு மேலே இருந்த வாயில் இலையும் மண்ணும் அடைத்து, அதில் ஒரு செடியே வளர்ந்திருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்தக் குளத்துக்கு நேர் கீழேதான் நான் வாளி வைக்கும் இடம்.

முன்பெல்லாம் கோவில் பணியாளர் ஒருவர் மாதம் ஒருமுறை மேலே ஏறிச் சுத்தம் செய்வார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. இதை நான் இரண்டு முறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. அதற்கு நடுவில் ஒரு விழாவுக்காக உள்சுவருக்குப் பளபளப்பான பெயின்ட் அடித்தார்கள். மேலிருந்து இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. உரிந்த அந்தச் சுவரைப் படம் எடுத்துத்தான் கோவிலின் நிலை என்று கூட்டத்தில் காட்டியிருக்கிறீர்கள். அது கான்கிரீட்டின் நோய் இல்லை, தந்தையே. நாம் அதற்குச் செய்தது.

வெளிச்சுவரில் மூன்று இடங்களில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது உண்மை. அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது ஏன் நடக்கிறது என்பது மர்மம் இல்லை. புதிய கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெதுவாக உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அது கம்பி வரை எட்டி, ஈரமும் சேர்ந்தால் துரு ஏறும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது விரிந்து மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. இது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. ஒரு சிறு துண்டை உடைத்துப் புது முகத்தில் பினால்ஃப்தலீன் என்ற வேதிக்கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் போன பகுதி நிறம் மாறாமல் நிற்கும். கம்பியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது என்று உடைக்காமலே அளக்கும் கருவியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்தச் சுவர் நலமாக இருக்கிறது, எதற்கு மருந்து வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைகளில் எதுவும் இங்கே நடக்கவில்லை. நடந்திருந்தால் அறிக்கை எங்கே? வரைபடம் வந்துவிட்டது, ஒப்பந்தக்காரரும் வந்துவிட்டார். வைத்தியம் முடிவாகிவிட்டது, நோய் என்ன என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இதில் எனக்குப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. துருப்பிடிக்கும் கம்பியின் மேல் பூச்சு போட்டு, ஒழுகும் கூரையின் கீழ் ஃபால்ஸ் சீலிங் மாட்டினால், ஒழுக்கு நிற்காது. நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இன்று நான் வாளி வைக்கிறேன். நாளை தண்ணீர் சீலிங் பலகைக்கு மேலே தேங்கும், கம்பி இருட்டில் துருப்பிடிக்கும். ஒரு நாள் பீடச்சிறுவர்களின் தலைக்கு மேல் அது பெயர்ந்து விழுந்தால் யார் பதில் சொல்வது? புதிதாக ஒட்டும் கோபுரங்களின் பாரத்தைப் பழைய அடித்தளம் தாங்குமா என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா என்றும் தெரியவில்லை.

வடிவத்தை மாற்றாமல் பழுதுபார்க்க முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஜெர்மனியின் நெவிகெஸில் கொட்ஃப்ரீட் போம் கட்டி 1968-இல் அர்ச்சிக்கப்பட்ட மரியன்னை திருத்தலத்தின் கூரை, மடித்து வைத்த பாறை போன்ற கான்கிரீட். அதுவும் ஒழுகியது. பிற்காலத்தில் கார்பன் இழை வலை பதித்த மெல்லிய கான்கிரீட் அடுக்கை மேலே போட்டு, மடிப்பும் நிறமும் கெடாமல் சீர்செய்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய வேலைகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஆனால் என் நினைப்பு போதாது. பார்க்கத் தெரிந்தவர் வந்து பார்க்க வேண்டும்.

பலிபீடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரே கல்லில் செய்த அந்தப் பீடத்தின் மேல், அர்ச்சிப்பு நாளில் ஆயர் கிறிஸ்மா என்ற அர்ச்சிப்பு எண்ணெயை ஊற்றிக் கையால் பரப்பியதை என் அம்மா அப்பா இருவரும் நேரில் பார்த்திருக்கிறார்கள். அதே நாளில் சுவர்களிலும் பன்னிரண்டு இடங்களில் எண்ணெய் பூசினார்கள். அந்த இடங்களில்தான் கான்கிரீட்டில் பதித்த சிறு சிலுவைகள் இருக்கின்றன. உங்கள் வரைபடத்தில் அந்தச் சிலுவைகளைத் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பூச்சுக்கு அடியில் போகின்றன. எண்ணெய் பூசி அர்ச்சித்த சுவரை மூடுகிறோம் என்பது வரைந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

பீடத்தைச் சுவரோடு சேர்த்துவிட்டால் அதன் முன்னால் வேறொரு மேசை போட வேண்டிவரும் என்று பேரவையிலேயே ஒருவர் கேட்டதாக அறிந்தேன். சரியான கேள்வி. திருப்பலி நூலின் பொது விதிமுறைகள், 299-ஆவது எண்ணில், பீடம் சுவரை விட்டு விலகி இருக்க வேண்டும் என்றும், கூடியிருக்கும் எல்லோருடைய கவனமும் இயல்பாகத் திரும்பும் மையமாக அது இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இன்று நம்மிடம் இருப்பது அதுதான். காலைத் திருப்பலியில் கூரைச் சாளரத்தின் வெளிச்சம் மெல்ல நகர்ந்து வந்து, ஆண்டின் சில வாரங்களில் சரியாகக் காணிக்கை வேளையில் அந்தக் கல்லின் மேல் விழும். என் அம்மாவின் அடக்கத் திருப்பலி அப்படி ஒரு காலையில் நடந்தது. பெட்டியின் பாதி வரை வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உயிர்ப்பைப் பற்றிய வாசகத்தை நான் வாசித்தேன். குரல் உடையாமல் வாசிக்க முடிந்ததற்கு அந்த வெளிச்சம்தான் காரணம்.

குறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. இடதுபுறப் பின்மூலையில் எதிரொலி உண்டு. முதியவர்களுக்கு அங்கே ஒரு சொல்லும் புரிவதில்லை. மாலைத் திருப்பலியில் வெளிச்சம் போதாது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு இன்றுவரை ஒரு சாய்தளம் இல்லை. திருமுழுக்குத் தொட்டியைச் சுற்றிப் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறோம். இவற்றையெல்லாம் சரிசெய்யுங்கள், நானும் வந்து வேலை செய்கிறேன். எதிரொலிக்கு அந்த மூலைச் சுவரில் மட்டும் ஒலி உறிஞ்சும் பலகை வைத்தால் போதுமா என்று ஒலிப் பொறியாளர் ஒருவரிடம் கேட்கலாம்.

“இளைஞர்களுக்கு இந்தக் கட்டடம் பிடிக்கவில்லை” என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை ஒரு முறை அந்தச் சுவரிடம் கூட்டிப்போய், பலகை வரியைத் தொடவிட்டு, இது எப்படி வந்தது என்று சொன்னேன். கூரை ஏன் வளைந்திருக்கிறது, தூண் ஏன் இல்லை, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாம்தான் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கோவிலின் வரலாறு என்று விழா மலர்களில் போடுவதெல்லாம் பங்குத்தந்தையரின் பெயர்ப் பட்டியலும் படங்களும்தான். கட்டியவர்கள் யார், ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று ஒரு பக்கம்கூட இல்லை. அலுவலக அலமாரியில் இருந்த மூல வரைபடச் சுருள்கள் இப்போது எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். இந்த வாரமே கூரையின் வடிகுழாய் வாய்களைச் சுத்தம் செய்யுங்கள்; மாதம் ஒருமுறை அதைச் செய்ய ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். கோவிலின் தூய்மையையும் அழகையும் காப்பது பொறுப்பில் இருப்பவர்களின் கடமை என்று திருச்சபைச் சட்டத்தின் 1220-ஆவது பிரிவு சொல்வதற்கு இதுதான் முதல் படி. கம்பி தெரியும் மூன்று இடங்களுக்குக் கீழே யாரும் நிற்காதபடி உடனே தடுப்பு வையுங்கள்.

பழைய கான்கிரீட் கட்டடங்களைச் சீர்செய்வதில் அனுபவம் உள்ள, இந்த ஒப்பந்தக்காரரோடு தொடர்பில்லாத ஒரு பொறியாளரை அழைத்து, நான் மேலே சொன்ன சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். அவருடைய அறிக்கையை முழுதாக, வரைபடம் ஒட்டிய அதே பலகையில் ஒட்டுங்கள். கோவிலைக் கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் வல்லுநர்களின் ஆலோசனையைக் கேட்க வேண்டும் என்று 1216-ஆவது பிரிவு சொல்கிறது.

மறைமாவட்டக் கட்டடக் குழுவினரே, இந்தத் திட்டம் திருவழிபாட்டுக்கும் திருக்கலைக்கும் பொறுப்பான ஆணைக்குழுவின் பார்வைக்குப் போனதா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். போகவில்லை என்றால் அனுப்புங்கள். பலிபீடம், திருமுழுக்குத் தொட்டி, கூரைச் சாளரம், அரைவட்டப் பெஞ்சுகள், சுவரில் உள்ள பன்னிரண்டு சிலுவைகள், பூசாத கான்கிரீட் முகம் ஆகியவை அந்த ஆணைக்குழு பார்த்து முடிக்கும்வரை தொடப்படாது என்று உறுதி கொடுங்கள்.

மூல வரைபடங்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பத்திரப்படுத்துங்கள். கட்டுமானத்தில் வேலை செய்தவர்களில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் இருப்பதை எழுதிவைக்கும் வேலையை மறைக்கல்வி ஆசிரியர்களோடு சேர்ந்து நான் ஏற்றுக்கொள்கிறேன். அனுமதி மட்டும் தாருங்கள்.

அறிக்கை வந்தபின், பேரவை மட்டும் கூடும் அறையில் அல்லாமல், கோவிலிலேயே ஒரு பங்குக் கூட்டம் வையுங்கள். பெஞ்சுகள் இன்று இருக்கிறபடியே இருக்கட்டும். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசலாம். அதற்கான தேதியை வரும் ஞாயிறு அறிவிப்பில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இப்பங்கின் வாசகர்களில் ஒருத்தி